பூஜ்யம் காட்டிய சர்வர்

சூஸ் நகரத்தில் ஆம்புலன்ஸ் அழைப்புகள் வந்து சேரும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் என் தங்கை ஓல்ஃபா. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். முன்னால் இருக்கும் ஒரு கணினி அழைப்புகளை வாங்கி, பின்னால் உள்ள இரண்டு சர்வர்களுக்குப் பங்கிடும். பிழைகளை எண்ணுவதும் அதுதான்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் 11.20க்குப் பிழைகள் ஏறின. அவை எல்லாமே, பங்கிடும் கணினியின் பெயரில் இருந்தன. சர்வர்களின் பிழை பூஜ்யம். அதனால் அவள் பங்கிடும் கணினியையே பதினெட்டு நிமிடம் நோண்டினாள். உண்மையில் ஒரு சர்வர் செத்துக் கிடந்தது. சர்வர் தானே அனுப்பும் பிழைதான் அதன் கணக்கில் ஏறும். செத்த சர்வர் எதையும் அனுப்பாது. பதில் வராத அழைப்புகளை முன்னால் இருப்பது தன் பெயரில் எழுதிக்கொள்ளும். அந்த நேரத்தில் அழைத்த ஒரு மீனவர், வண்டி வராமலே இறந்துபோனார்.

இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்து "கூயா, இருக்கியா?" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்; எங்கள் பேச்சில் கூயா என்றால் அண்ணன். நேற்று நான் பதில் சொல்லவில்லை. ஓடி வந்து நின்றாள்.

"காப்பி குடிக்கிறேன்டி. இன்னும் சாகல."

அவள் சிரிக்கவில்லை.

"திட்டு, கத்து, என்ன வேணா பண்ணு கூயா. பேசாம மட்டும் இருக்காத."