நீர்த்துப்போன திராட்சை ரசம்

எண்பதுகளின் கடைசியில், எங்கள் பம்மல் தேவாலயத்தில் அப்பமும் ஒயினும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிறு வந்தால், அப்பா ஆராதனையின் பாதியில் எழுந்து சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் கோயில் சாவியே அவரிடம்தான் இருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் சமயம், அலமாரியில் இருந்த திருவிருந்து ஒயினைக் குடித்துத் தீர்த்துவிட்டு, பாட்டிலில் கடுங்காப்பியை ஊற்றி வைத்துவிட்டார். சபைக்கு முன்னால் போதகர் அதை வாயில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவமானத்தில் சாவியை அம்மாவிடம் கொடுத்தனுப்பினார், குடியையும் விட்டார். அதன்பின் ஒன்றரை வருஷமாகப் பீடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா தோல் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் போதகர் வீட்டுக்கு வந்தார். இனிமேல் ஒயின் வேண்டாம், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சி ரசம் எடுத்துத் தாருங்கள் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திராட்சைக்குப் போய் அழுகிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் ஊறவைத்த திராட்சைக்கு என்னைக் காவல் வைத்தாள். எட்டு வயதுக்காரியிடம் ஒரு பாத்திரம் திராட்சையை ஒப்படைத்தால் என்ன ஆகும்? பாதி என் வயிற்றுக்குள் போயிற்று. குறைந்தது தெரியாமலிருக்க ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். யார் வீட்டுப் பிள்ளை நான்!

ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல் எழுந்தார். போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கைவைத்தார்.

"இன்னிக்கு ஒயின் இல்லப்பா. உங்க வீட்ல காய்ச்சுன ரசம்தான். பயப்படாம வா."

அப்பா போய் முழங்காலிட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் கலந்தது தெரிந்துபோயிற்று, மகளும் தன்னைப்போல் ஆகிவிட்டாளே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், அப்பாவோடு வேலை செய்யும் மாமா ஒருவர், "இன்னாப்பா, ரசம் தண்ணியா கீது?" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அப்பா சிரித்தேவிட்டார். என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்காரவைத்தார்.

"வுடும்மா. இவ்ளோ நல்ல ரசம் நான் குட்ச்சதே இல்ல."

அடி தப்பித்த நிம்மதியில் வீடு வரைக்கும் மணியடித்துக்கொண்டே வந்தேன். அன்றைக்கு மன்னிப்புக் கிடைத்தது எனக்குத்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு ஒயின் பட்டாலும் ஒரு மனிதன் மறுபடி விழுந்துவிடுவான் என்று, ஒரு சபையே தன் கிண்ணத்தில் இருந்ததை மாற்றிக்கொண்டது எனக்கு அப்போது தெரியாது.