கலங்காத தேத்தண்ணி

ஆறிய தேநீரைப் பனிக்கட்டிகளின் மேல் ஊற்றும்போது முதலில் ஒன்றும் கேட்காது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் குவளைக்குள்ளே 'டிக்' என்று ஒரு கட்டி விரிசல் விடும், பிறகு இன்னொன்று. சுடச்சுட ஊற்றினால் இந்தச் சத்தம் படபடவென்று வந்து, கட்டியெல்லாம் கரைந்து, கடைசியில் சாயம் போன தண்ணீர்தான் மிஞ்சும். ஐஸ் டீ போடுகிற முக்கால்வாசிப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லிவிடுவேன். அதனாலேயே வத்தலக்குண்டில் எங்கள் தெருவில் என்னைக் கூப்பிட்டு ஐஸ் டீ கொடுக்கிறவர்கள் குறைவு, கொடுத்தாலும் மறுமுறை கூப்பிடுவதில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி கொஞ்சம் அடங்கியதும்தான் தூளைப் போட வேண்டும். கூடவே ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, இரண்டு விரல் நுனியில் நிற்கும் அளவு. மூடி வைத்துவிட்டு வடிகட்ட வேண்டும், வடிகட்டியில் தூளை அழுத்திப் பிழியக் கூடாது. சூடு இருக்கும்போதே சீனியைக் கரைத்துவிட வேண்டும். அப்புறம் தானாக ஆற வேண்டும், அவசரப்பட்டுச் சூட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் கலங்கிப்போகும். சோடா போடாவிட்டாலும் கலங்கும், சேற்றுத் தண்ணீர் மாதிரி. இதெல்லாம் யார் எழுதி வைத்த முறையும் இல்லை, எங்கள் அம்மா செல்லாயியின் கை செய்தது.

அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்கள். எங்கள் வீட்டில் டீ என்ற சொல்லே கிடையாது. எல்லாமே 'தேத்தண்ணி'தான், பால் விடாததற்குச் 'சாயத்தண்ணி' என்றும் பேர். அப்பா விடியற்காலையில் சீனி போட்ட சாயத்தண்ணியைப் போத்தலில் அடைத்து மலைக்குக் கொண்டுபோய், மத்தியானம் ஆறிப்போனதைக் குடித்தே பழகியவர். எனக்கு ஆறு வயதில் அவர் இறந்துபோனார். ஒவ்வொரு வருடமும் அவருடைய 'தெவசத்தில்' சோறு, கருவாடு இவற்றோடு ஒரு டம்ளர் ஆறிய சாயத்தண்ணியும் படத்துக்கு முன்னால் இருக்கும். கும்பிட்டு முடித்ததும் அதில் ஒரு துளி திருநீறு போட்டு வீட்டு ஆள் யாராவது குடித்துவிட வேண்டும், கீழே கொட்டக் கூடாது. வேறு எந்த நாளிலும் அம்மா ஆறின தேத்தண்ணியைத் தொடமாட்டாள். "ஆறுனது செத்தவுகளுக்குத்தேன், நமக்கு எதுக்கு?" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

அப்பா போன பிறகு அம்மா கொடைக்கானலில், அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்தாள். அதை நடத்திய மேடம், மகள் வீட்டோடு அமெரிக்காவின் தென்பகுதியில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே சாப்பாட்டு மேஜையில் தண்ணீருக்குப் பதில் இனிப்பு ஐஸ் டீதானாம். கொடைக்கானல் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மப்ளர் சுற்றிக்கொண்டு, பனிக்கட்டி மிதக்கும் டீயைக் குடிப்பதற்கு ஒரு கூட்டம் வருடா வருடம் வந்தது. சிரிக்காதீர்கள், சத்தியமாக வந்தது.

மேடத்துக்குப் புதினா கூடாது, எலுமிச்சை தனிக் கிண்ணத்தில் இருக்க வேண்டும். இனிப்பு பல் கூச வேண்டும். கழுத்தில் நீலப் பட்டை ஓடும் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. டீ அந்தப் பட்டை வரைக்கும் நிற்க வேண்டும். மேஜைக்குப் போகுமுன் மேடம் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். எதிரே நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தின் கிளை ஜாடி வழியாகத் தெரிந்தால்தான் தலையாட்டுவார். முதல் சீசனில் மேடம் சொன்னபடி போட்டபோதெல்லாம் கலங்கியது. அம்மாதான் போட்டுப் போட்டுப் பார்த்து, ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடாவில் ஒரு சிட்டிகை தூவி அதைத் தெளிய வைத்தாள். விருந்தாளிகள் கேட்டால் மேடம், "அமெரிக்கால கத்துக்கிட்டது, என் சீக்ரெட்" என்பார். அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. சீசன் முடிந்தால் மற்ற வேலைக்காரர்கள் எல்லாரும் போய்விட வேண்டும், அடுக்களைக்காரிக்கு மட்டும் வருடம் முழுக்க வேலை, பின்கட்டில் ஓர் அறை. அந்த அறையும், அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த என் பள்ளிக்கூடமும் அந்த ஜாடியின் மேல்தான் நின்றன. அம்மா அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். "இந்தத் தண்ணி தெளிஞ்சு கெடக்குற வரைக்குந்தாண்டி நமக்கு இந்தக் கூரை."

அவள் ஒருநாளும் அதை ருசி பார்த்ததில்லை. விருந்தாளிச் சாமானில் வாய் படக் கூடாது என்பது மேடத்தின் சட்டம், ஆறினதைக் குடிக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். ஆகவே கழுவப்போகும் கரண்டியில் ஒட்டியிருக்கும் சொட்டை நக்கிப் பார்ப்பது என் 'சோலி'. "பல்லு கூசுதாடி?" என்பாள். கூசுகிறது என்று நான் முகத்தைச் சுளித்துக் காட்டினால் சீனி டப்பாவை மூடுவாள். கரண்டிக்கணக்கில் ஒரு ஜாடிக்கு எத்தனை என்பது அப்படித்தான் எனக்கு மனப்பாடம்.

எனக்குப் பத்து வயது நடந்த மே மாதம், அப்பாவின் தெவசமும் மதுரையிலிருந்து வருடா வருடம் வருகிற ஒரு பெரிய டாக்டர் குடும்பம் வந்திறங்கிய நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. காலையிலிருந்தே மேடம் அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். "இன்னைக்கு முடியாதுடி. சீசன் முடியட்டும், சேத்துக் கும்பிட்டுக்கலாம். ஒங்கப்பா எங்க போயிறப் போறாரு?" என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருக்கெல்லாம் ஜாடி ஜாடியாக ஊற்றுகிறாள், அப்பாவுக்கு ஒரு டம்ளர் கிடையாதா?

அம்மா கோழி நறுக்கப் பின்பக்கம் போயிருந்த நேரம் பார்த்து, குளிர்பெட்டியைத் திறந்து ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். உலகத்திலேயே நல்ல ஆறின தேத்தண்ணி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அறைக்கு ஓடி, அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டேன். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு டம்ளரிலும் போட்டேன். துளி போட வேண்டியது, ஆசையில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். அம்மா குடிக்கட்டும் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தால், கூடத்திலிருந்து மேடத்தின் குரல் வருகிறது. "செல்லாயி, டீ கொண்டு வா." பின்பக்கத்திலிருந்து அம்மா, "ஏடி, ஜாடிய எடுத்து வையி, வெரசா!" என்கிறாள்.

ஜாடியை வெளியே எடுத்தேன். நீலப் பட்டைக்குக் கீழே ஒரு டம்ளர் அளவு குறைந்து நின்றது. மேடத்தின் செருப்புச் சத்தம் நெருங்கியது. கையில் இருந்ததை அப்படியே ஜாடியில் கவிழ்த்துவிட்டேன்.

மேடம் ஜாடியை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். மரமும் தெரியவில்லை, கிளையும் தெரியவில்லை. சாம்பல் அடியில் புகையாகச் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு தொட்டி ஓரம் நான் வைத்திருந்த ஈர டம்ளரைப் பார்த்தார். அது எங்கள் வீட்டு டம்ளர், விளிம்பில் அப்பா பேர் வெட்டியது.

"இதுல யாரு வாய் வச்சது?"

கைகழுவிவிட்டு உள்ளே வந்த அம்மா ஜாடியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"நாந்தாங்க மேடம். தாகமா இருந்துச்சு."

"குடிச்சிட்டு மிச்சத்தைத் திருப்பி ஊத்துனியா? கெஸ்ட் குடிக்கிறதுலயா?"

"ஆமாங்க."

டாக்டர் வீட்டம்மா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ச்சீ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். போன மூன்று வருடமும் அவர்கள் குடித்ததெல்லாம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மேடம் ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்தார். அப்பாவுக்கு வைத்தது எச்சில் என்ற பேரோடு சாக்கடையில் போனது. நான் வாயைத் திறந்தால் ஒரே ஒரு வாக்கியம் போதும். மேடம் சின்னப்பிள்ளை என்று என்னை நாலு அதட்டு அதட்டிவிட்டு விட்டிருப்பார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வேறு ஒருத்தி அடுக்களைக்கு வந்தாள். அம்மாவைப் படுக்கை விரிப்பு துவைக்கப் போட்டார்கள். துவைக்கிறவர்களுக்கு சீசன் வரைக்கும்தான் வேலை. ஜூன் பிறந்ததும் தகரப் பெட்டியோடு வில்பட்டிக்குப் போனோம். அங்கே அம்மா கேரட் கழுவும் தொட்டியில் 'வெள்ளனே' இறங்கி, வெயில் வரும்வரை ஐஸ் மாதிரித் தண்ணீரில் நின்றாள். அவள் விரல்கள் கோணிக்கொண்டது அங்கேதான். புதிய அடுக்களைக்காரிக்கு சோடா சமாசாரம் தெரியாது, டீ கலங்கிக்கொண்டே இருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜாடியைப் பற்றி நானும் அம்மாவும் பேசிக்கொண்டதே இல்லை. எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, வில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவளைக் கொடைக்கானல் டவுனுக்குக் கூட்டிப்போய் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு காபிக் கடையில் உட்கார வைத்தேன். இன்று சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் போனேன். இரண்டு ஐஸ் டீ வந்தது. அம்மா குவளையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சோடா போடல. பாரு, கலங்கிக் கெடக்கு."

"அம்மா, அன்னைக்கு அந்த ஜாடியில..."

"தெரியும்டி. நெத்தி நெறையத் திருநீறோட நின்ன. வேற யாரு ஊத்தியிருப்பா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "பத்து வயசுப் புள்ள, பயந்துட்ட. அது ஒரு குத்தமா? ஆனா இத்தன வருசமாவா பயம்? இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பொறவு பாக்குறத விட்டுட்டேன்."

குவளையை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் இரண்டையும் குடித்தேன், வேறு என்ன செய்வது?

இப்போது அந்த கெஸ்ட் ஹவுஸ் இல்லை. அந்த இடத்தில் நிற்கும் ரிசார்ட்டில் ஐஸ் டீயைப் பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிக் கலக்குகிறார்கள், ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்க்க யாருமில்லை. யூக்கலிப்டஸையும் வெட்டிவிட்டார்கள். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது.

போன வாரம் அவளுடைய முதல் தெவசம். அப்பா பேர் வெட்டிய அதே டம்ளரைக் கழுவி வைத்தேன். தண்ணீர் இறக்கி, தூள் போட்டு, சோடா தூவி, பிழியாமல் வடிகட்டினேன். கண்ணாடி மாதிரித் தெளிந்து வந்தது. சீனிக் கரண்டியை எடுத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. செத்தவர்களுக்குப் பிடித்தபடி வைக்க வேண்டும். அத்தனை சீசன் ஜாடி ஜாடியாகப் போட்டவளுக்கு இனிப்பு எவ்வளவு பிடிக்கும்? நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவள் ஒருநாளும் குடித்ததில்லை. கடைசியில் மேடத்துக்குப் போடுகிற அளவையே போட்டேன். எனக்குத் தெரிந்த அளவு அது ஒன்றுதான்.