வாயைத் திறந்த மைனாக் குஞ்சு

எருமப்பட்டி அருகே எங்களுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் குஞ்சுகளை வளர்த்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு.

போன வைகாசியில் பலமாகக் காற்றடித்த மறுநாள் காலை, கொட்டகை ஓரத்தில் இறகு முளைத்தும் முளைக்காத மைனாக் குஞ்சு ஒன்று கிடந்தது. தாயில்லாக் குஞ்சு என்று நானே முடிவுகட்டி, வீட்டுக்குள் அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைத்தேன். பேப்பரில் தீவனம் தூவி, கோழிக் குஞ்சுக்குச் செய்வதுபோல் விரலால் தட்டிக் காட்டினேன். அது கொத்தவே இல்லை. வாயை மட்டும் ஆவென்று திறந்தது.

“ஏனுங்க, சூடு தாங்கலையாட்டம் இருக்குதுங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டு பல்பை அணைத்தேன். பண்ணையில் குஞ்சு வாயைத் திறந்தால் அதுதான் அர்த்தம். மதியத்துக்குள் மைனாக் குஞ்சின் தலை தொங்கிவிட்டது.

அப்போது ஜன்னல் கம்பியில் ஒரு மைனா, அலகில் வெட்டுக்கிளியோடு வந்து உட்கார்ந்து கத்தியது. தொங்கிய தலை விருட்டென்று நிமிர்ந்து வாயைத் திறந்தது.

“அட, ஊட்டச் சொல்லி வாயத் தொறக்குது புள்ள!” என்றார் கணவர்.

குஞ்சை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றி, வைக்கோல் போட்ட கூடையில் விட்டு, வேப்பமரக் கிளையில் கட்டினோம். நாங்கள் வாசலுக்குத் திரும்புவதற்குள் தாய் கூடை விளிம்பில் நின்றது!

சில வாரங்களில் அந்தக் குஞ்சு எம்பி, எங்கள் கொட்டகைக் கூரையையே தாண்டிப் பறந்தது. நான் கைதட்டிய தட்டில் கோழிகளெல்லாம் மிரண்டன.

இப்போதெல்லாம் கீழே குஞ்சு கிடந்தால், குனிவதற்கு முன் அண்ணாந்து பார்க்கிறேன்.