குட்டியின் தலை மட்டும் நிமிர்ந்திருந்தது

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். வருசம், கிழமையெல்லாம் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். யார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதாம் வருசமோ அதற்கு அடுத்ததோ. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் அத்தை ஒரு வெள்ளாடு வளர்த்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா; வீட்டில் அவள் சொன்னதுதான் நடக்கும். அவிழ்த்துவிட்டால் களவு போகும் என்று ஆட்டைக் கட்டியே போட்டிருப்பாள். ஒரே காட்டிலிருந்து வாங்கிய காய்ந்த சோளத்தட்டைதான் அதற்குத் தீனி. அது இரண்டு குட்டி போட்டது.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வந்தவள் சித்தி. நாலு வருசமாகக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியது குட்டிகளோடு மட்டும்தான்.

இருபது நாளில் குட்டிகளுக்குப் பின்னங்கால் மரக்கட்டைபோல விறைத்துப்போனது. எழுந்து நிற்க முடியவில்லை. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது. கண் பளபளவென்று எங்களைப் பார்த்தது. காம்பை வாயில் வைத்தால் ஆவலாகக் குடித்தது. அதுவே வினையாகிவிட்டது.

“சீக்குன்னா தல தொங்கணும்லா? தல தெளிவா இருக்கு, காலு மட்டும் கட்டிப்போட்ட மாதிரில்லா இருக்கு. யாரோ கைவச்சிருக்கா,” என்றாள் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, நீதான பொழுதன்னைக்கும் பின்வாசல்ல கெடக்க. குட்டி கால யாரு தொட்டா?”

அதுவரை அந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“சித்திதான். மடியில போட்டு வெளக்கெண்ண தேச்சு நீவிவிட்டாவ,” என்றேன்.

பொய்யில்லை. ஆனால் கால் விறைத்த பிறகுதான் சித்தி நீவிவிட்டாள். அந்தப் ‘பிறகு’ என்பதை நான் சொல்லவில்லை.

“பாத்தியாலே ஒம் பொண்டாட்டி லெச்சணத்த? தன் வயிறு தொறக்கலன்னு வாயில்லாச் சீவன்மேல வயிறெரிஞ்சிருக்கா,” என்று அத்தை கத்தினாள். சித்தப்பா, மில்லுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு குட்டியும் செத்தன. அந்த வாரமே சித்தியின் அண்ணன் வந்து அவளை அழைத்துப்போனார். பஸ் ஸ்டாண்டு வரை கூடைப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எனக்கு அழுகை வந்தது.

“நீ எதுக்கு அழுவுத? பாத்ததத்தான சொன்ன,” என்றாள் சித்தி. கூடைப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “எப்பப் பாத்தன்னு யாராச்சும் கேட்டாவளா பாப்பா?”

“கேக்கல சித்தி.”

“சரி. போ.”

அடுத்த வருசம் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

அக்கா மகள் கால்நடை மருத்துவம் படித்தவள். போன மாசம் பேச்சுவாக்கில் அவளிடம் குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். செலினியம் என்று ஒரு சத்தாம். துளியிலும் துளி போதுமாம். மண்ணில் இல்லாவிட்டால் தட்டையில் இருக்காது, தட்டையில் இல்லாவிட்டால் தாயாட்டிலும் இருக்காது. உடம்புக்குள் போனதை ஈரல் ஒரு புரதத்தில் பொதிந்து ரத்தத்தில் அனுப்புமாம். மூளையின் வாசலில் அதைப் பிடித்து வாங்கிக்கொள்ள இன்னொரு புரதம் காத்திருக்குமாம். சத்து குறைந்தால் உடம்பு மூளையைத்தான் முதலில் பார்த்துக்கொள்ளும்; தசை பட்டினி கிடக்கும்.

“தல தெளிவா இருக்கும், காலு வெறச்சுப்போவும். அதான் சித்தி அந்தச் சீக்குக்கு அடையாளமே. நேரத்தோட ஒரு ஊசி போட்டிருந்தா பொழைச்சிருக்கும்,” என்றாள். அவளுக்கு நான் சித்தி முறை.

அத்தை எதைக் காட்டிக் குற்றம் சொன்னாளோ, அதுவேதான் என் சித்தியின்மேல் குற்றமில்லை என்பதற்கும் சாட்சி. கேட்கத்தான் அவள் இல்லை. மடவார் வளாகத்தில் அண்ணன் வீட்டு அடுப்படியிலேயே இருந்து செத்துப்போனாள்.

அன்று பஸ் ஸ்டாண்டில் அவள் என்னிடம் சும்மா கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் ‘பிறகு’ என்ற ஒரு வார்த்தையையும் சொல்லிவிடேன் என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் கையேந்தியிருக்கிறாள். எனக்கு அது விளங்கவில்லை. சித்திக்கு என்மேல் கோபமில்லை என்ற சந்தோசத்தில், பஸ் புறப்படும் முன்பே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

சத்தையும் புரதத்தையும் பற்றி நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். மற்றதைத் திருத்த வழியில்லை.