டிராஃபிக்குக்கு முந்தி

அந்த டிக்கெட்டுகள் என்னுடையவை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அக்கா வீட்டில் இந்தக் கதை எப்போதும் "அத்தான் அவளை மட்ச் பாக்கக் கூட்டிக்கொண்டு போனவர்" என்றுதான் தொடங்கும்.

நியூசிலாந்தில், ஒக்லாந்தின் ஒடாஹுஹுவில் நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில் என் எதிரே நின்று பெட்டி ஒட்டும் சமோவாக்காரி தந்தவை அவை. அந்த ஞாயிறு அவளுக்குத் தேவாலயத்தில் ஏதோ விசேஷம். ஒக்லாந்துக்கென்று சம்பளத்துக்கு ஆடும் ரக்பி லீக் அணி ஒன்று வந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. திங்கட்கிழமைகளில் எங்கள் மேசையில் வேறு பேச்சே கிடையாது. கேட்டுக் கேட்டு நானும் தொலைக்காட்சியில் பார்க்கத் தொடங்கினேன். விதிகளில் பாதி விளங்காது. ஆனாலும் பார்ப்பேன்.

அப்போது நான் நகரின் மறுபக்கத்தில், கிளென் ஈடனில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். மற்ற டிக்கெட்டுக்கு அக்காவைத்தான் கேட்டேன். பதில் சொன்னது அத்தான்.

"குடிகாரக் கூட்டம். பொம்பிளையள் தனியப் போற இடமில்லை. நான் வாறன்."

வந்தவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. இருக்கை ஈரம் என்றார். முன்னாலிருப்பவனில் பியர் மணக்கிறது என்றார். "மாடு முட்டுற மாதிரிக் கிடக்கு. உதுக்கு ஒரு டிக்கெட்டோ?" நான் எழுந்து கத்தியபோது ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தார். "இரு. சனம் பாக்குது."

கடைசிக் கட்டம். சிட்னியிலிருந்து வந்த அணி நான்கு புள்ளி முன்னால் நிற்கிறது. நம்மவர்கள் அவர்களுடைய கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டார்கள். அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது. அத்தானும் எழுந்தார், சாவியை எடுக்க.

"வா, வெளிக்கிடுவம். டிராஃபிக்குக்கு முந்திப் போகோணும்."

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"வெண்டால் என்ன, தோத்தால் என்ன, உனக்கு என்ன வரப்போகுது? வா."

கார் அவருடையது. நான் இருந்த அறையும் அவருடையது. போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரப் படிகளில் அவர் பின்னால் இறங்கிப் போனேன்.

பக்கத்துத் தெருவில் அவர் கார்க் கதவைத் திறக்கும்போது அந்த இரைச்சல் வந்தது. அப்படி ஓர் இரைச்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிலம் அதிர்ந்தது. நம்மவர்கள் பந்தோடு கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ட்ரை, நான்கு புள்ளி.

"கேட்டியே? நியூஸில காட்டுவாங்கள்" என்றார் அத்தான், சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டே.

கதவை அறைந்து சாத்தினேன். அவர் என்னவோ கத்தினார். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வாசலில் நின்ற காவலாளி டிக்கெட்டைக்கூடக் கேட்கவில்லை. "ஓடு, ஓடு" என்று கையைக் காட்டினான்.

உள்ளே சமநிலை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். முடிகிற நேரத்தில் சிட்னிக்காரன் ஒருவன் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்திலேயே பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டான். ஒரு புள்ளியால் போயிற்று. சுற்றி நின்றவர்கள் சொன்ன கெட்ட வார்த்தையை நானும் சத்தமாகச் சொன்னேன். அது பந்தை உதைத்தவனுக்கு அல்ல.

அத்தான் நிற்கவில்லை. இரண்டு பஸ் மாறி, காலுறை ஊற வீட்டுக்குப் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நடு றோட்டில இறங்கி ஓடினா சனம் என்ன கதைக்கும்?"

"எந்தச் சனம் அத்தான்? அங்க எங்கட சனமெண்டு நீங்கள் ஒராள்தான் இருந்தனீங்கள்."

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஏன்டி, ஒரு விளையாட்டுக்காகவே?" என்று அழுதாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. ஒரு விளையாட்டுத்தானே, அதை முடியும்வரை பார்க்க விட்டிருக்கலாமே.

அடுத்த மாதமே ஒடாஹுஹுவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதன் பிறகு சமோவாக்காரியோடும் அவள் தங்கைகளோடும் எத்தனையோ ஆட்டங்களுக்குப் போனேன். பெரும்பாலும் தோற்றார்கள். மைதானம் காலியாகும்வரை இருந்து பொரித்த உருளைக்கிழங்கு தின்றோம்.

ஆனால் அந்த ஒரு ட்ரையை நான் பார்க்கவில்லை. செய்தியில் காட்டியபோது நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பிறந்தநாள் வீடுகளில் அத்தான் இதை இன்றும் பகிடியாகச் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சிரிக்காமல் இருப்பதை அவர் பார்க்க வேண்டும் என்றே நேர் எதிரில் போய் உட்காருகிறேன்.