மான் தீவனப் பாதை

திரோல் மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடச் சமையல்காரி நோட்புர்கா. ஊருக்கு அவள் புர்கி. முதுகுக்குப் பின்னால் பயந்தாங்கொள்ளி புர்கி. ஊர்ப் பனிச்சரிவுக் குழுவில் அவளும் ஒருத்தி. புதுப்பனி விழுந்தால் சரிவோரம் குழி தோண்டி, அடுக்கடுக்காகத் தொட்டுப் பார்த்து, எந்தப் பாதையை அடைப்பது என்று சொல்ல வேண்டும். கிண்டல் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அவள் பயந்தாள். அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

வீட்டிலும் அதே கிண்டல்தான். கணவன் விஜில் வேட்டைக்காரன். குளிர்காலம் முழுக்கக் காட்டு மான்களுக்கு உலர்புல் சுமந்துபோய்ப் போடுவது அங்கே வேட்டைக்காரன் பொறுப்பு. தவறினால் மான்கள் இளமரங்களின் பட்டையை உரித்துத் தின்றுவிடும்.

அந்தப் பிப்ரவரியில் காற்றோடு பனி கொட்டி ஓய்ந்த காலை, புர்கி குழி தோண்டினாள். மேலே காற்று அடித்துச் சேர்த்த கெட்டிப் பாளம். அடியில் டிசம்பரில் விழுந்த பனி சீனியாக உதிர்ந்தது. மண்வெட்டியைப் பாளத்தின்மேல் வைத்து லேசாகத் தட்டியதுமே பாளம் வழுக்கி அவள் மடியில் விழுந்தது. ஆள் மிதித்தாலே சரிவு கழன்றுவிடும். அந்தச் சரிவைக் கடந்து போகும் மான் தீவனப் பாதையின் குறுக்கே தடைப்பலகையை மாட்டிவிட்டு, குழுவிடம் சொல்லி வீடு திரும்பினாள். சுவரில் விஜில் பனியில் சறுக்கிப் போகும் ஸ்கீக்கட்டைகள் இல்லை. பலகையைத் தாண்டித்தான் போயிருக்கிறான்.

ஓட்டமாக ஓடிச் சரிவின் இந்தப் பக்க மரங்களை எட்டினாள். அந்தப் பக்க மரங்களடியில், மான்களுக்குப் புல் போட்டுவிட்டு, காலிச் சாக்கோடு அவன் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அங்கேயே நில்லுய்யா! காலை வெளிய வைக்காதே!"

"இப்பத்தானடி இதே வழியா வந்தேன்? ஒண்ணும் ஆகலையே. போய் சூப்பைச் சுட வை!"

"வந்தப்ப தாங்குச்சுன்னா போறப்பவும் தாங்குமா? உள்ள சீனியா கெடக்குய்யா!"

"உனக்கு எப்பத்தான் சீனியா இல்லாம இருந்துச்சு?" சிரித்துக்கொண்டே ஒரு கட்டையை முன்னால் தள்ளினான்.

ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் அந்த நொடியில் அவளுக்கே மறந்துபோயிற்று. "நீ வந்தா நானும் வர்றேன். சேந்தே போய்ச் சேருவோம்!" என்று கத்திக்கொண்டு, தானே அடைத்த சரிவில் காலை வைத்தாள்.

'உம்ப்' என்று தரைக்குள் ஒரு சத்தம். காலடியிலிருந்து கீறல் மேலே ஓடியது. பின்னால் சாய்ந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். சரிவின் கீழ்ப்பாதி கழன்று கீழே போயிற்று. வெள்ளைப் புழுதியில் எதிர்ப்பக்கமே தெரியவில்லை. நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

"புர்கீ!" புழுதிக்குள் அவன் குரல். "இருக்கியாடி? ஏதாவது சொல்லேன்டி!"

வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவன் மறுபடி மறுபடி கூப்பிட்டான். குரல் உடைந்தது. அவள் பயத்தை ஆயுசு முழுக்கக் கேலி செய்த மனுஷன், குழந்தை மாதிரி அழுதான்.

"இரு, நான் வர்றேன்டி!"

மேலே இன்னும் பாதிப் பனி தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தொண்டை திறந்தது.

"நில்லு!"

நின்றான். சுற்றுவழியாகக் குழு ஆட்கள் போய்க் கையைப் பிடிக்கும்வரை, அவள் சொன்ன இடத்திலேயே நின்றான்.