குடிக்காதவரின் வெறி

என் கணவர் துறைமுகத்தடியில் படகு எஞ்சின் திருத்துகிறவர். சிகரெட்கூடத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவரை அந்த நோன்பு மாதத்தில் ஒரு பகல், குடிவெறியில் நிற்கிறார் என்று சொல்லி, முதலாளியே ஓட்டோவில் கொண்டுவந்து கிண்ணியாவில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

கால் பின்னியது. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. மூத்த மகளைப் பார்த்து, நீ ஆரு என்று கேட்டார். என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, அயல் சனம் பார்த்திருக்க, அவருடைய தாடையைப் பிடித்து வாயை மணந்து பார்த்தார். மணம் ஒன்றுமில்லை. அப்படியென்றால் போதைத்தூள் என்றார்கள்.

நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் உள்ளே போனதும் பழைய ஆளாகிவிட்டார். பகல் நடந்தது எதுவும் நினைவில்லை. அதையும் நடிப்பு என்றார்கள். பிறகும் பிறகும் அப்படியே வந்தது. வேலை போனது. ஓதிய தண்ணீர் கொடுத்தோம். அவருக்கே தன்மேல் நம்பிக்கை போய், வெளியே இறங்காமல் கிடந்தார்.

ஒரு நாள் வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி விரலில் குத்திச் சீனி பார்த்துவிட்டு டொக்டரிடம் ஓடினார். குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேன் எல்லாம் எடுத்தபின் கொழும்பு டொக்டர் என்னை இருத்திச் சொன்னார்: "கணையத்தில ஒரு கட்டி. அது இன்சுலினை அளவில்லாமச் சுரக்குது. சீனி இறங்கினா மூளை தடுமாறும். பாக்கிற ஆக்களுக்கு வெறி மாதிரித்தான் இருக்கும்."

நான் சந்தோஷத்தில் அழுதேன். என் மனிசன் குடிகாரன் இல்லை என்று ஊருக்கே கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. டொக்டர் நான் அழுது முடியும்வரை பார்த்திருந்தார்.

"ஈரலுக்கும் பரவியிருக்கு, தங்கச்சி. முழுசா வெட்டி எடுக்க ஏலாது."

இப்போது குளிசையும் ஊசியும். அதையும் மீறிச் சீனி இறங்குகிறது. நித்திரையிலும் எழுப்பி ஊட்டுகிறேன். கழுத்தில் வியர்வை தட்டுப்பட்டால் சீனித்தண்ணி கரைக்க ஓடுவேன். நானா வந்தார். அவருடைய காலடியில் குந்தியிருந்துவிட்டுப் போனார்.

இந்த நோன்பு பிறந்ததும் என் மனிசன் கேட்டார்: "ஒரே ஒரு நாள் நோன்பு பிடிக்கிறன். சனம் பாக்கட்டும்."

ஏலாது என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் என் விரலில் கரைய, சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்று அவர் முதுகிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.